போகாதவர்களின் அத்தியாயம்

அந்தப் பேனாவில் மை இல்லை. எனக்குத் தெரியும். பதினொரு நாள் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை.

நான் செய்தது இதுதான். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மேலே படிப்பதும் தாளை மடித்து வைப்பதும் உங்கள் விருப்பம். படித்தாலும் என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

எழுபத்து நான்கு வயதாகிறது எனக்கு. வேலை செய்த எந்த வீட்டிலும் ஒரு கரண்டி சர்க்கரையைச் சொல்லாமல் எடுத்ததில்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் வந்து என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "கன்னியம்மாவா? வாய் நீளம், கை சுத்தம்" என்பார்கள். அந்தப் பேச்சைப் பூ மாதிரி தலையில் வைத்துக்கொண்டுதான் ஐம்பது வருஷம் நடந்தேன். இன்றைக்கும் அப்படியேதான் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம்…

சரி. நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை. வேகமாக எழுதவும் வராது. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். பஸ் பலகை படிப்பேன், ரேஷன் கடையில் எழுதிப் போட்டிருப்பதைப் படிப்பேன், எண்களை மட்டும் அழகாக எழுதுவேன். இதில் ஒரு பத்தி எழுதுவதற்குள் ஒரு உலை சோறு வெந்துவிடுகிறது. என் எழுத்தில் புத்தக வாசனை அடித்தால் அது என்னுடையது இல்லை. இரண்டு வருஷம் ஒரு புத்தகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஒட்டிக்கொண்டது.

அந்தப் புத்தகத்தை எழுதியவரை நான் டீச்சரம்மா என்று கூப்பிடுவேன். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கத்துச் சந்தில் மாடி வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் முதலில் பாத்திரம் தேய்க்கப் போனேன். அவர் பார்வை மங்க மங்க, சமையலும் என் கைக்கு வந்தது. என்னை அடுக்களைக்குள் விட்டதற்கு அவருடைய சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "சாப்பிடறது நான். உங்களுக்கு ஏன் வயத்தை வலிக்கறது?" என்று ஒரே கேள்வியில் அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

அவருடைய கண்ணுக்கு நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்து, அது அகன்றுகொண்டே போனது. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கடைசி வருஷம் அந்த ஓரமும் புகைந்துவிட்டது. அப்போதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

எப்படி எழுதினார் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் என் குற்றம் அதற்குள்தான் இருக்கிறது.

தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டி இருக்கிறதே, அதன் மூடியில் வரிவரியாகப் பன்னிரண்டு சந்து வெட்டிக் கொடுத்தேன். நான்தான் வெட்டினேன், காய் நறுக்கும் கத்தியால். தாளை அடியில் வைத்து அட்டையை மேலே வைத்தால், இடது கை விரல் சந்தில் முன்னால் போகும், வலது கையில் இருக்கும் கறுப்பு மார்க்கர் பின்னால் வரும். வரி கோணாது. ஒரு வரி முடிந்ததும் விரல் அடுத்த சந்துக்கு இறங்கும்.

எழுதி முடித்த தாளை எடுத்து மூலையில் எண் போட்டு ஃபைலில் வைப்பது என் வேலை. மார்க்கரின் மூடியை அழுத்தி மூடுவதும் என் வேலை. 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் டீச்சரம்மா நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். மை குறைந்தால் மேஜை இழுப்பறையிலிருந்து புதியதை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். இழுப்பறைக்கும் நாற்காலிக்கும் நடுவே மூன்று அடி. அந்த மூன்று அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் எதைப் பற்றி என்று கேட்பீர்கள். ரோமாபுரி என்று ஒரு பெரிய ராஜ்யம் இருந்ததாம். அதன் வடக்கு எல்லையில், டான்யூப் என்ற ஆற்றங்கரையில், நோரிக்கம் என்று ஒரு நாடு. ராஜ்யம் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் அக்கரையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து கொள்ளையடித்திருக்கிறார்கள். ராஜா எங்கோ தூரத்தில். கேட்க நாதியில்லை. அந்த நாட்டு ஜனங்கள் அத்தனை வருஷம் எப்படித்தான் இருந்தார்கள், என்ன தின்றார்கள், எதை நம்பி விதைத்தார்கள்… அதைத்தான் டீச்சரம்மா தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் டீச்சரம்மா, எங்கியோ கீற ஊருக்காவ நீங்க இன்னாத்துக்கு கண்ண கெடுத்துக்கினு கீறீங்க?"

"நம்ம மிளகு அந்தப் பக்கத்துக் கோட்டை வரைக்கும் போயிருக்கு கன்னியம்மா. மிளகு போன எடத்துக்கு நான் போகப்படாதா?"

எழுதுவதற்கு முன்னால், அன்றைக்கு எழுதப்போவதை எனக்குச் சொல்வார். நான் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். "புரியறதா?" என்பார். புரியாவிட்டால் கேட்பேன். நான் கேட்ட இடத்தில் எல்லாம் எழுத்தை மாற்றுவார். அதில் எனக்கு எத்தனை கர்வம் தெரியுமா? இரண்டாம் வகுப்புக்காரி கேட்ட கேள்விக்குக் கல்லூரி டீச்சர் பதில் எழுதுகிறார்!

"ஆறு எப்டிமா கல்லாவும்?" என்று கேட்டேன், குளிர்காலத்தில் கொள்ளைக்காரர்கள் ஆற்றின் மேலே நடந்தே வந்தார்கள் என்று அவர் சொன்னபோது.

"அந்த ஊர்க் குளிர் அப்படி. மேல கட்டியாப் பிடிச்சுக்கும். குதிரை, வண்டி எல்லாம் போகலாம்."

"எங்க ஆறும் அந்தமாரிதான். வருசம் பூரா நாறிக்கினு செவனேன்னு கெடக்கும். வெள்ளம் வந்தப்போ கட்டில் மேல ஏறி குந்திக்கிச்சே."

டீச்சரம்மா சிரித்துவிட்டு, "இரு, இரு. இன்னொரு தரம் சொல்லு" என்றார். ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு ஆறுதான் வேலி, அந்த வேலியே ஒருநாள் கட்டில் மேல் ஏறி உட்காரும் என்று எழுதினார். எழுதிவிட்டு, "நீ காலேஜ்ல சேர்ந்திருந்தா என் வேலைக்கு ஆபத்து வந்திருக்கும்" என்றார்.

எவ்வளவோ சொன்னார். அறுவடைக்கும் ஆடு மேய்க்கவும் கோட்டைச் சுவருக்கு வெளியே போனவர்கள் திரும்பாமல் போனது. காவல் வீரர்களுக்குச் சம்பளம் நின்றுபோனது. அதைக் கேட்டு வாங்கிவரப் புறப்பட்ட சிலர் வழியிலேயே வெட்டப்பட்டு, அவர்கள் உடல்கள் ஆற்றில் மிதந்து வந்த பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கு நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு ஊரில் வேறு வழியில்லாமல் கொள்ளைக்காரர்களில் ஒரு கூட்டத்தையே காவலுக்கு வைத்துக்கொண்டார்களாம். "திருடன் கையிலயே சாவியா?" என்றேன். "பாவம், வேற யார் இருந்தா அவாளுக்கு?" என்றார்.

இன்னொரு ஊரில் பஞ்சம். தானியப் படகுகள் பனியில் சிக்கிக் கிடந்தபோது, பணக்கார விதவை ஒருத்தி தானியத்தை வீட்டில் ஒளித்து வைத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவள தெருவுல நிக்க வெச்சி நாலு கேள்வி கேட்டாங்களா இல்லியா?" என்றேன். கேட்டார்களாம். கேட்டதும் கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். "சரி, அப்ப உட்டுடலாம்" என்றேன். நான் விட்டேனாம் அவளை! எத்தனை பெரிய மனுஷி நான்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். இனி இந்த நாட்டைக் காப்பாற்ற முடியாது, ரோமாபுரி ஜனங்கள் எல்லாரும் தெற்கே வந்துவிட வேண்டும் என்று உத்தரவு வருகிறது. வண்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். தங்கள் சாமியார் ஒருவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து ஒரு வண்டியில் வைத்துக் கூடவே கொண்டுபோகிறார்கள்.

"இதோட எல்லாரும் புஸ்தகத்தை மூடிடறா கன்னியம்மா. ஆனா எல்லாரும் போகலை."

"போவாதவங்க யாரு?"

"வண்டி இல்லாதவா. நடக்க முடியாதவா. மாடு கன்னு போடட்டும்னு காத்துண்டிருந்தவா. அக்கரைக்காரனுக்கு வாக்கப்பட்டவா."

"அவங்கள பத்தி எதுல எழுதி கீது?"

"எதுலயும் இல்லை. போனவாதான் எழுதினா, போனவாளைப் பத்தி. போகாதவா மண்ணுல இருக்கா. ஓட்டாஞ்சில்லுல, அடுப்புச் சாம்பல்ல. அதை வெச்சுண்டு நான் எழுதப்போறேன். இந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் மத்த இருநூறு பக்கமும்."

அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை என்னால் எழுத முடியாது. அந்த அளவுக்கு எனக்கு எழுத்து வராது.

இதைச் சொன்ன மறுநாள்தான் அடையாறிலிருந்து அவருடைய பழைய தோழி வந்தார். அதே கல்லூரியில் வேலை பார்த்தவர். பேனாவும் கையுமாக இருந்த டீச்சரம்மா, "இதை எடுத்து வை" என்று அட்டையையும் மார்க்கரையும் என்னிடம் கொடுத்தார். வாங்கி மேஜையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வரும்போது தோழி கேட்பது காதில் விழுந்தது.

"இவ்வளவு பெரிய காரியத்தைத் தனியாவா பண்ற? யார்கிட்டயாவது பேசிப் பார்க்கணும்னு தோணாதா?"

"யார் இருக்கா பேச? ஆத்துல ஒரு மனுஷா கிடையாது. சுவத்தோடதான் பேசிண்டிருக்கேன்."

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுதான் விஷயமே. வீட்டில் ஒரு மனுஷர் கிடையாதாம்… கையில் சுடச்சுட இரண்டு டம்ளரோடு நான் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறேன்.

காபியைக் கொடுத்தேன். "ஜோரா இருக்கு" என்றார் தோழி. டீச்சரம்மா சிரித்தார். நான் மேஜைப் பக்கம் போகவில்லை. மார்க்கர் மூடி திறந்தே கிடந்தது. பார்த்தேன். மூடவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை. அவர் மூடிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், சென்னை வெயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் வாய் பிளந்து கிடந்த பேனா காய்ந்து கட்டையாகிவிட்டிருந்தது. டீச்சரம்மா உட்கார்ந்தார். நான் தாளை வைத்து, அட்டையை வைத்து, அந்தப் பேனாவையே கையில் கொடுத்தேன். எழுத ஆரம்பித்தார்.

தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

மூன்று அடி. இழுப்பறையில் ஆறு புதுப் பேனா இருந்தன. நான் நின்றேன். ஒரு பக்கம் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது அவருக்குத் தெரியும், வீட்டில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று. அவர் கேட்கட்டும். கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். இதுதான் என் மனசில் ஓடியது. எழுதும்போதே கேவலமாக இருக்கிறது. ஆனால் இதுதான் ஓடியது.

அவர் கேட்டார்! நடுவில் கையை நிறுத்தி, "இந்தப் பேனா கீச்சுக் கீச்சுங்கறதே, மை இருக்கோல்லியோ?" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது தாள்.

"கீதும்மா. நல்லா எழுதுது" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க முடிந்தால்… முடியாது. இரண்டாம் நாள் சொல்லலாம் என்றால், முதல் நாள் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்காம் நாள், அவர் கை நோக எழுதிய பத்துப் பக்கமும் வீண் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்வதன் பாரம் ஏறிக்கொண்டே போனது. கோபம் மூன்றாம் நாளே போய்விட்டது, உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அதன் பிறகு இருந்தது வெறும் பயம். கை சுத்தம் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்.

அந்த நாட்களில் அவர் எழுதியதைப்போல எப்போதும் எழுதியதில்லை. காலையில் எனக்குச் சொல்லும்போதே காபி ஆறிப்போகும். வண்டிகள் போன பிறகு ஊரில் தங்கிவிட்ட குயவன் மனைவி ஒருத்தி. கோட்டைக் கதவை விறகுக்குப் பெயர்த்துக்கொண்டு போன பிறகும் அதன் சாவியை அவள் இடுப்பில் முடிந்திருந்தாள். ராஜாங்கத்துக் குளியல் மண்டபத்தில் ஆடு கட்டினார்கள். அக்கரைப் பிள்ளைகளும் இக்கரைப் பிள்ளைகளும் ரொட்டிக்கும் தண்ணீருக்கும் ஒருவர் வார்த்தையை ஒருவர் கற்றுக்கொண்டார்கள். கொள்ளையடிக்க வந்தவன் ஒருவன் விதைக்க நிலம் கேட்டு நின்றான்…

"இது நெஜமா, நீங்களா சொல்றீங்களா?" என்றேன் ஒருநாள்.

"பானையும் சாவியும் ஆட்டெலும்பும் மண்ணுல கிடைச்சது நிஜம். அவ இடுப்பு என்னோடது. எது எதுன்னு தாள்லயே பிரிச்சு எழுதியிருக்கேன், பயப்படாதே."

தாளில் பிரித்து எழுதியிருக்கிறாராம். நான் தலையாட்டினேன். அவருக்கு என் தலை தெரியாது.

ஒவ்வொரு பகலும் அந்த வெற்றுத் தாள்களை எடுத்து மூலையில் எண் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு முதல் இருநூற்று நாற்பத்தாறு வரை. நீல பால்பாயிண்டில், அழகாக, என் கையால். பிறகு மார்க்கரை மூடுவேன். 'டக்.' டீச்சரம்மா எழுந்திருப்பார்.

பதினோராம் நாள் முடித்துவிட்டார். அட்டையைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். "பாயசம் வை கன்னியம்மா. சேமியா போறும்" என்றார். வைத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார்:

"கடைசிப் பக்கம் உன்னைப் பத்தி எழுதியிருக்கேன்."

"என்னியா? நோரிக்கத்துல நான் இன்னாமா பண்ணேன்?"

"பண்ணியிருக்கே. நான் சொல்லமாட்டேன். டைப் அடிக்கறவ வருவாளோல்லியோ திங்கட்கிழமை, அவளை உரக்கப் படிக்கச் சொல்லி நீயே கேளு."

டம்ளரை வாங்கிக்கொண்டு போய்த் தேய்த்தேன். தேய்த்த டம்ளரையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். நாளைக் காலையில் காலில் விழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மெய்யாகவே முடிவு செய்தேன். ஆனால் அதற்கு என்ன மதிப்பு?

மறுநாள் காலை நான் போனபோது அவர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். பேச்சு வரவில்லை. "காது கேட்கலாம், பேசுங்க" என்றார் டாக்டர். நான் பேசினேன். கீரைக்காரி வந்தாள், குழாயில் தண்ணீர் நிற்கவில்லை, துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன்… இதெல்லாம் பேசினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பக்கத்தில் நர்ஸ் நின்றாள், டீச்சரம்மாவின் அண்ணன் மகள் நின்றார் என்று காரணம் வைத்திருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் யாருமே இல்லை. அன்றைக்கும் கீரைக்காரியைப் பற்றித்தான் பேசினேன்.

அவருடைய வலது கை படுக்கை விரிப்பின்மேல் இடமிருந்து வலமாக மெல்லப் போய்க்கொண்டிருந்தது. ஓரம் வந்ததும் கொஞ்சம் கீழே இறங்கி, மறுபடி இடமிருந்து வலம்.

இனி எழுதுவது அதைவிடக் கெட்டது. முதலில் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் தள்ளி வைத்திருந்தேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, அந்தக் காய்ந்த பேனாவை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் ஆற்றில் போட்டேன். அதன் இடத்தில் புதுப் பேனா ஒன்றை வைத்தேன். ஏன்? ஃபைலைத் திறந்து பார்ப்பவர்கள் பேனாவையும் எழுதிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. எனக்கு எழுத்துதான் குறைவு. தந்திரத்தில் குறைவில்லை.

அப்படியே நடந்தது. டீச்சரம்மா போய்ச்சேர்ந்து, காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அசோக் நகரிலிருந்து அண்ணன் மகள் வந்து ஃபைலைத் திறந்தார். புரட்டினார். வெற்றுத் தாள்கள் வந்தன. இன்னும் புரட்டினார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார். கறுப்பாக, தடியாக விழுந்தது.

"பேனா நன்னாத்தானே எழுதறது… ஐயோ, அத்தைக்குப் புத்தி பேதலிச்சுடுத்தா? வெத்துத் தாளை அடுக்கி வெச்சிருக்காளே. நம்பர் வேற!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கூடவே இருந்தேளே, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?" என்றார்.

கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. இதுதான் நேரம். வாயைத் திறந்தேன்.

"எனக்கு இன்னாமா தெரியும்? நான் படிக்காதவ" என்றேன்.

நானா சொன்னேன்! ஒரு வாழ்நாள் முழுக்க யாரையும் அந்த வார்த்தையை என் முகத்துக்கு நேரே சொல்ல விட்டதில்லை. சொன்னவர்கள் வீட்டில் மறுநாள் வேலைக்குப் போனதில்லை. அன்றைக்கு நானே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நன்றாகத்தான் மறைத்தது. அவர் என் தோளைத் தொட்டு, "பாவம், நீங்க என்ன பண்ணுவேள்" என்றார்.

அந்தத் தாள்களையும் எனக்கே கொடுத்துவிட்டார். "நல்ல தாள். வீணாக்க வேண்டாம், எதுக்காவது வெச்சுக்கோங்கோ."

புத்தகம் வந்தது. அண்ணன் மகள்தான் கைக்காசு போட்டு அச்சடித்தார். மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கூட்டம். என்னைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, கையில் ஒரு பிரதி கொடுத்தார்கள். மேடையில் பேசிய பெரியவர் ஒருவர், ஆசிரியைக்குக் கடைசி நாட்களில் நினைவு தடுமாறிவிட்டதால் பின்பகுதி அத்தியாயங்களைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எது ஆதாரம், எது கற்பனை என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ என்றார். கூட்டத்தில் பாவம் என்று ஒரு பெருமூச்சு எழுந்தது.

எது எது என்று பிரித்து எழுதியிருந்தார். தாளிலேயே. எனக்கு மட்டும் தெரியும்.

அந்தப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. என் கட்டில் வரி நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. முன்னுரையில், நூலாசிரியர் மனம் கலங்கிய நிலையில் இருந்ததால் இறுதி அத்தியாயம் எழுதப்படவில்லை என்று போட்டிருக்கிறது. வண்டிகள் புறப்பட்டுப் போவதோடு புத்தகம் முடிகிறது. அந்த நாட்டில் அதற்குப் பிறகு யாருமே இல்லாத மாதிரி.

அசோக் நகருக்கு இரண்டு தடவை போனேன். ஒரு தடவை வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன். உள்ளே தாளிக்கும் வாசனை வந்தது. சாப்பாட்டு வேளையில் போய் நிற்பது மரியாதை இல்லை என்று திரும்பிவிட்டேன். இன்னொரு தடவை பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அந்த ஊரில் தானியத்தை ஒளித்த விதவை, கேட்டதும் கதவைத் திறந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டபோது நான் படிக்காதவள் ஆகிவிட்டேன்.

அவர் சொன்னதை எல்லாம் நினைவில் வைத்திருந்தேன். ஆனால் அதுவும் கரைகிறது. குயவன் மனைவியின் இடுப்பில் இருந்தது ஒரு சாவியா, இரண்டா? குளியல் மண்டபத்தில் கட்டியது ஆடா, மாடா? சில நாள் அந்தப் பெண்ணுக்கு என் தங்கையின் முகம் வருகிறது. எது டீச்சரம்மா சொன்னது, எது நான் சேர்த்தது… பிரித்துச் சொல்ல என்னிடம் தாள் இல்லை.

தாள் இல்லை என்றா எழுதினேன்? இருக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தத் தாள்கள்தான். மூலையைப் பாருங்கள், நீல எண் இருக்கும். அவர் எழுதியதன் மேலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இதுவும் ஒரு குற்றமோ என்னவோ. எனக்குக் களைப்பாக இருக்கிறது. யாரிடம் கொடுப்பேன் என்றும் தெரியவில்லை.

இது இருநூற்று நாற்பத்தைந்து. இன்னும் ஒரு தாள் மிச்சம்.

அதில் நான் எழுதப்போவதில்லை. அதில் என்னைப் பற்றி டீச்சரம்மா எழுதியிருக்கிறார். சாய்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், வெயிலில் காட்டிப் பார்த்திருக்கிறேன், விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்திருக்கிறேன். மூலையில் 246 என்று மட்டும் இருக்கிறது. என் கையெழுத்து.